வழிகாட்டி பிடித்து இழுத்த பை

நானும் கணவரும் ஆக்லாந்தில் ஞாயிறுதோறும் மலையேறுகிறவர்கள். அந்தத் தெம்பில்தான் போர்னியோவின் உள்நாட்டு மேட்டுநிலத்துக்குப் போனோம். நடந்து திரும்பும் வழியில் முழங்கால் ஆழ ஆறொன்று குறுக்கிட்டது. எங்கள் வழிகாட்டி, ஐம்பது வயதிருக்கும் பெண், கையை நீட்டித் தடுத்தார்.

"பொறுங்கள். தண்ணீரோடு பச்சை இலைகள் வருகின்றன."

"இங்கே மழையே இல்லையே!" என்று சலித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர் என் முதுகுப்பையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். சற்று நேரத்தில் செம்மண் வெள்ளம் பொங்கி வந்து, ஒரு முழு மரத்தையே உருட்டிக்கொண்டு போனது.

"மலை உச்சியில் பெய்திருக்கும்" என்றார் அவர், சாதாரணமாக.

"அவங்க இல்லாட்டி உன்னை எங்க போய்த் தேடுறது?" என்றார் கணவர். நான் அந்தப் பெண்ணின் கைகளை விடவேயில்லை.

இப்போது ஆக்லாந்துக்குப் பக்கத்து வைட்டாக்கரே மலையில் ஓடை கலங்கியிருந்தால், வானம் வெளுத்திருந்தாலும் திரும்பிவிடுகிறேன்.

- ஒரு வாசகி, மவுண்ட் ரோஸ்கில்