ஒரு பொத்தை, ஒன்பது பாதை

ஒரு வாரமாக எனக்கு முட்டி வலி. நடந்து நடந்து வந்த வலி. எங்கே போனேன் என்கிறீர்களா? எங்கேயும் இல்லை!

பாறசாலைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பொத்தை உண்டு. மரமே இல்லாத குன்று. புல்லும் பாறையும் காற்றும்தான். ஒத்தையடிப் பாதையில் ஏறி இறங்கினால் பத்தே நிமிடத்தில் பஸ் ஸ்டாப். சுற்றிப் போனால்..? முக்கால் மணி நேரம்.

பொத்தையைப் புதிதாக வாங்கிய எங்கள் ஊர் தேவதாஸ், முள்வேலி போடக் கிளம்பினார். "இங்க வழியே கெடையாது. வெறும் புல்லாக்கும்."

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் என்னைத் தேடி வந்தார். தினமும் படுக்கையில் கிடக்கிற அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, பொத்தை ஏறி ஓடித்தான் அமரவிளை பஸ்ஸைப் பிடிக்கிறார். "வழிய அடைச்சா நான் வேலைய விடணும் சாரே" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மனு எழுதிக் கொடுத்தேன். வில்லேஜ் ஆபீசர் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம்... இருப்போமா?

"வெறும் புல்லுண்ணா சொன்னான்? நடந்தே தேச்சுக் காட்டுவோம் மக்கா" என்றார் ரேஷன் கடை பாக்கியநாதன். நாலு நாள், காலையும் மாலையும் ஊரே நடந்தது. கோயில் கமிட்டி ஒரு பக்கம், சர்ச் ஆட்கள் ஒரு பக்கம். அவரவர் வாசலிலிருந்து நேராக உச்சிக்கு! நானும்தான்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் உச்சியில் நின்று பார்த்தார். கீழேயிருந்து ஒன்பது பாதைகள் ஏறி வந்தன. "இதில் ஏதா வழி?" என்று மலையாளத்தில் கேட்டார், இவற்றில் எது வழி என்று.

"இதாக்கும்" என்று ஆளுக்கொரு திசையில் கை நீட்டினோம்.

தேவதாஸ் சிரித்தார். "பாத்தியளா சார்? எல்லாம் இப்ப உண்டாக்குனது."

டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... தலையைக் குனிந்துகொண்டேன். உதவப் போய்க் கெடுத்துவிட்டோமே!

ஆபீசர் நிதானமாகத் தேவதாஸிடம் திரும்பி, அவர் எந்தப் பக்கமாக ஏறி வந்தார் என்று கேட்டார்.

"நானா? இது வழியாட்டு." பழைய பாதையைக் காட்டினார். "சின்ன வயசுலயே இதுலதான சார் ஏறுவேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஆபீசர் பேனாவைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். டீச்சர் வாட்சைப் பார்த்தார். அந்தப் பாதையிலேயே பஸ்ஸுக்கு இறங்கி ஓடினார்.

பாதையைக் காப்பாற்ற நாலு நாள் நடந்தது ஊர். காப்பாற்றியது என்னவோ, அதை மூட வந்த மனிதர்தான்!