புகைப்பெட்டிக்கு வைத்த சந்தனம்

விஜயதசமி அன்று காலை பத்து நாற்பதுக்கு, மொட்டை மாடியில் ஈரப் புடவையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, என் மகளின் புகைப்பெட்டி அறுபதிலிருந்து நாற்பத்துநாலுக்கு இறங்கியிருப்பதைப் பார்த்தேன். புடவை கைநழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

புகைப்பெட்டி என்பது இடுப்பு உயரக் கறுப்புப் பெட்டி. பார்த்தால் சின்ன பீரோ மாதிரி இருக்கும். உள்ளே கம்பித் தட்டுகள், அடியில் மின்சாரக் காயில், பக்கத்தில் மாமரச் சீவல் போட ஒரு கிண்ணம். உள்சுவரிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கம்பிதான் உள்ளே எவ்வளவு சூடு என்று பெட்டிக்குச் சொல்கிறது. சூடு குறைந்தால் டக்கென்று காயில் எரியும். அறுபதைத் தொட்டால் டக்கென்று அணையும். கதவுக்கு மேல் சிவப்பு எண்களில் கணக்கு ஓடும். எங்கள் வீட்டு அடுப்பில் மீனோ கறியோ ஏறியதில்லை. அதனால் இவள் பன்னீருக்குப் புகை போடுகிறாள். வீட்டிலேயே பால் திரித்து, அழுத்தி, கட்டி கட்டியாக வெட்டி, மாம்புகையில் வைத்து எடுக்கிறாள். அறுபது டிகிரியைத் தாண்டவும் கூடாது, குறையவும் கூடாது. தாண்டினால் பன்னீர் வியர்த்து இறுகிவிடும். குறைந்தால் புகை பிடிக்காமல் புளித்துவிடும்.

சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து இதைத் தொடங்கியிருந்தாள். நெடுஞ்சாலையில் புதிதாகத் திறந்திருந்த ஓட்டல் ஒன்று, அன்று சாயங்காலம் ருசி பார்க்கக் கொஞ்சம் பன்னீர் கொண்டுவரச் சொல்லியிருந்தது. பிடித்தால் வாரா வாரம் வாங்குவார்கள். பிடிக்காவிட்டால் பெங்களூரில் கிடைத்திருக்கும் வேலைக்குப் போய்விடுகிறேன் என்று அவளே சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள். மூன்று வருடம் கழித்து அவள் எங்கள் வீட்டில் தூங்கி எழுவது எனக்கு இப்போதுதான் பழகத் தொடங்கியிருந்தது.

விஜயதசமியில் தொடங்கினால் விளங்கும் என்று, விடிந்ததும் தட்டுகளை அடுக்கி, அறுபதில் வைத்துவிட்டு, வாலாஜாபாத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பினாள். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து, காற்றை உறிஞ்சிப் பை ஒட்டும் மெஷினை இரவல் வாங்கிவர வேண்டும்.

"அது பாட்டுக்கு அறுபதுல நிக்கும். நீ ஒண்ணும் பண்ணாதம்மா" என்றாள். "ஆஃப் பண்ணாத, ஆன் பண்ணாத, தொறந்து பாக்காத. நீ தொறந்தா சூடு போயிடும், அப்பறம் அது பயந்துக்கினு கன்னா பின்னான்னு ஏத்தும்."

"நான் ஏன் தொறக்கப் போறேன்?"

"நான் தொட்டில்ல தூங்கும்போது மூச்சு வருதான்னு மூக்குல கை வெச்சுப் பாத்தவ நீ. அதான் சொல்றேன்."

நாற்பத்துநாலு. காயிலின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவளுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டாள். அதற்காக நானே பலமுறை திட்டியிருக்கிறேன். மாடிப்படியில் எட்டி என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் குளித்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு ஏறி வந்தார்.

"இன்னா, வீடே பத்திக்கினு எரியறா மாதிரி கத்துற?"

"எரியலீங்க. அதான் பிரச்சன. சூடு கொறஞ்சுபோச்சு."

அவர் எண்களைப் பார்த்தார். "இப்பத்தானே பாத்துட்டு எறங்கனேன், அறுபது இருந்துச்சே. கதவுல நேத்து வெச்ச பொட்டு சூட்டுல உதிந்துபோயிருந்துது. தொழில் தொடங்கற நாளு, மூளியா இருக்கலாமா? உள்ள நல்லா அப்பி வெச்சேன்."

"கதவத் தொறந்தீங்களா?"

"தொறக்காம எப்பிடி வெப்பாங்க?"

கதவைத் திறந்ததால்தான் சூடு போய்விட்டது என்று எனக்குக் கோபம். பொட்டு எங்கே வைத்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. அவரே சொன்னார். எங்கள் தெருவில் தறிக்குப் பொட்டு வைக்கிறவர்கள் வெளிக்காலில் வைக்கமாட்டார்கள். துணியை உண்டாக்குவது எதுவோ அதற்குத்தான், இழையை அடித்து நெருக்கும் அச்சுப் பலகைக்குத்தான் முதல் பொட்டு. அவர் அந்த முறைப்படி மகளிடம் முன்பே கேட்டு வைத்திருந்தார், இந்த மெஷினில் எது முக்கியம் என்று. அவள் அந்தக் கம்பியைக் காட்டி, "இதாம்பா எல்லாம். இது சொல்றதத்தான் மெஷின் கேக்கும்" என்றிருக்கிறாள். அதனால் கம்பி முழுக்கச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்.

"சரி, இனிமே தொறக்காதீங்க" என்றேன். இருவரும் நின்று பார்த்தோம். நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. காயில் அணையவே இல்லை. கதவிடுக்கில் மெல்லிய நீலப் புகை வந்துகொண்டிருந்தது போய், கெட்டியாக மஞ்சள் புகை வரத் தொடங்கியது. அணைத்துவிடலாமா என்று கை போனது. நாற்பத்தைந்தில் இருப்பதை அணைத்தால் இன்னும் ஆறிப்போகுமே என்று கை திரும்பியது.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி எங்கள் மாடிக்கு வந்தாள். அவர்கள் வீட்டு ஜன்னலை ஒட்டித்தான் அவர்களுடைய தறி.

"யக்கா, இன்னாக்கா இது? எங்க வீட்ல முகூர்த்தப் பட்டு தறியில கீது. இந்தப் பொகை ஏறிச்சுன்னா, ஐயரு ஓமம் வளக்கறதுக்கு முன்னாடியே பொண்ணு மேல பொகை வாசன அடிக்கும்!"

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா, சூடு கம்மியா இருக்குது, அதான்..."

"கம்மியா? இங்க நிக்க முடியல, மூஞ்சி வேவுது."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, எண்கள் ஓட ஆரம்பித்தன. அறுபது, எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றெட்டு. அறுபதிலேயே காயில் அணைந்துவிட்டது. ஆனாலும் எண் நிற்கவில்லை. பெட்டி கீச் கீச்சென்று கத்தியது. நான் மகளுக்குக் கொடுத்த வாக்கை மறந்து கதவைத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது. பன்னீர்க் கட்டிகளின் விளிம்பு பழைய சோப்பு போலச் சுருண்டிருந்தது. கம்பியில் சந்தனம் காய்ந்து, வெடித்து, பாதி உதிர்ந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி அதைத்தான் பார்த்தாள். "சந்தனம் காஞ்சுபோச்சுக்கா. அதான் உஷ்ணம் தலைக்கு ஏறிடுச்சு."

"அட" என்றார் என் கணவர். கிண்ணத்திலிருந்து குளிர்ந்த சந்தனத்தை வழித்து, கையைச் சுட்டுக்கொண்டே கம்பி மேல் மறுபடி அப்பினார். கதவை மூடினோம்.

எண்கள் இறங்கின. எங்கள் மூன்று பேர் கண் முன்னால் தொண்ணூறு, எழுபது, ஐம்பத்தைந்து, நாற்பத்தாறு. கீச்சுச் சத்தம் நின்றது. டக்கென்று காயில் மறுபடி எரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவள். ஈரம் காயும்போது, தான் ஒட்டியிருக்கும் பொருளின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும் என்று வருடா வருடம் ஆறாம் வகுப்புக்கு நடத்துகிறேன். மண்பானைத் தண்ணீரை உதாரணம் சொல்வேன். ஈரச் சந்தனம் கம்பியை மட்டும் குளிர வைக்கிறது, கம்பி உள்ளே குளிர்கிறது என்று பெட்டிக்குப் பொய் சொல்கிறது, பெட்டி அதை நம்பி இன்னும் எரிக்கிறது என்று இப்போது உட்கார்ந்து எழுத முடிகிறது. அன்று அந்த மாடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சந்தனம் வைத்தால் இறங்குகிறது. காய்ந்தால் ஏறுகிறது. என் மகள் பெங்களூர் போகாமலிருக்க, காயவிடக்கூடாது.

"இன்னும் கொஞ்சம் அரைங்க" என்றேன்.

அவர் கீழே ஓடிச் சந்தனக் கட்டையையும் கல்லையும் மாடிக்கே தூக்கி வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு அரைக்கத் தொடங்கினார். எண் ஏறும்போதெல்லாம் நான் கதவைத் திறந்தேன், அவர் அப்பினார், நான் மூடினேன். ஒவ்வொரு தடவையும் எண் சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு தடவையும் புகை இன்னும் கறுத்தது. பக்கத்து வீட்டுக்காரி முகூர்த்தப் பட்டை மறந்து, வேப்பிலைக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து கதவின் கைப்பிடியில் செருகினாள்.

"யக்கா, எங்க வீட்டு இன்வெர்ட்டரும் இப்பிடித்தான் சுடுது. ஒரு உருண்டை சந்தனம் குடேன்."

"மொதல்ல இது நிக்கட்டும்மா."

நடுவே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. படித்தவள் இல்லையா. கீழே போய்க் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துவந்து, கதவிடுக்கில் நுனியை நுழைத்தேன். எண் எதுவும் காட்டவில்லை. H என்று ஒரே ஒரு எழுத்து வந்தது.

"இன்னா சொல்லுது?" என்றார் அவர்.

"ஹை காய்ச்சலாம்."

"எத்தினின்னு சொல்லலியா?"

"அதுக்கு மேல இதுக்குத் தெரியாது."

"அப்ப இதுக்குத் தெரியாது, பொட்டிக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கை சந்தனம் வழித்தார். எண்கள் நாற்பத்தெட்டில் நின்றன. எனக்கும் அதுவே ஆறுதலாக இருந்தது.

கீழே ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டது. படியேறி வந்தது என் மகள். தலையில் ஹெல்மெட், இடுப்பில் இரவல் மெஷின். கறுப்புப் புகைக்கு நடுவே வேப்பிலை செருகிய தன் பெட்டியையும், சந்தனம் அரைக்கும் அப்பாவையும், கைகூப்பி நிற்கும் பக்கத்து வீட்டுக்காரியையும், தெர்மாமீட்டரோடு நிற்கும் என்னையும் பார்த்தாள். மெஷினைக் கீழே வைத்தாள். கதவைத் திறந்தாள். துப்பட்டா நுனியால் கம்பியை அழுத்தித் துடைத்தாள். மூடினாள்.

ஐம்பது. எண்பது. நூறு. நூற்றுப் பன்னிரண்டு. பெட்டி அலறியது.

"பாத்தியா, தொடச்சதும் கோவம் வந்துடுச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரி என் காதில் சொன்னாள்.

மகள் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். அலறல் நின்றது. அவள் ஒரு பன்னீர்க் கட்டியை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் தட்டினாள். டொக் என்றது. பிறகு அதைக் கடித்தாள். கடிக்க முடியவில்லை, கடைவாய்க்குக் கொண்டுபோய் மென்றாள். நெடுநேரம் மென்றாள். நாங்கள் மூவரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனத்தில் பெங்களூர் ரயில் கிளம்பிவிட்டிருந்தது; எந்தப் பெட்டியில் அவளுக்கு இடம் கிடைக்கும், ஜன்னல் ஓரமா, ராத்திரி பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பது வரை போய்விட்டேன்.

அவள் ஓட்டலுக்கு போன் போட்டு, அதை ஹெல்மெட்டுக்குள் செருகினாள்.

"சார், இன்னிக்கு முடியல, நாளைக்குக் கொண்டாறேன். இல்ல சார், மெஷின்ல ஒரு பிரச்சனையும் இல்ல. வீட்ல சாமி கும்பிட்டாங்க." அந்தப் பக்கம் என்னவோ சொன்னார்கள். "சரி சார். நாளைக்கு சாயங்காலம். கண்டிப்பா."

போனை வைத்துவிட்டு, இன்னும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் திரும்பினாள்.

"நாளைக்குக் காலையில பாலுக்குச் சொல்லிடுப்பா, மறுபடியும் போடலாம். பொட்ட மட்டும் கதவுக்கு வெளியில வெச்சுக்கோ."