தேங்காய் உடைத்த கோப்பை

குழந்தைக்கு அடியில் போடுகிற ரப்பர் விரிப்பைக் கழுவி வெயிலில் காயப் போட்டிருந்தேன். மத்தியானம் எடுக்கப் போனபோது அந்த வாசனை வந்தது. வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வெயிலில் சூடான ரப்பரின் புளித்த நெடி. குழந்தையின் மூச்சுக்கு ஆகுமா என்று ஒரு கணம் பயந்து, விரிப்பை மறுபடி கழுவினேன். கழுவியது போதாதோ என்று இன்னொரு முறையும் கழுவினேன். என் கணவர் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தேச்சா பழையபடி ரப்பர் மரமாவே ஆயிடும்" என்றார். நான் இப்படித்தான். பால் புட்டியைக் கொதிக்க வைத்துவிட்டு, கொதித்ததா என்று மறுபடி கொதிக்க வைப்பவள். நீங்களும் முதல் பிள்ளை பெற்றவரென்றால் சிரிக்கமாட்டீர்கள்.

விரிப்பை உதறும்போது எனக்கு நினைவு வந்தது ஒரு வெள்ளிக் கோப்பை. ரப்பர் நெடிக்கும் வெள்ளிக் கோப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரான காஜா பெராங்கில் வளர்ந்தவர்களுக்குச் சம்பந்தம் உண்டு.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷக் கடைசி. எங்கள் தெருப் பையன்கள் எல்லாருக்கும் திடீரென்று நெஞ்சு நிமிர்ந்திருந்த காலம். நாடு நம்முடையது, திடல் நம்முடையது, பந்தும் நம்முடையது என்று திரிந்தார்கள். பந்து மட்டும் உண்மையில் இரவல். என் அண்ணன் மணி தெருக் குழுவுக்குக் கேப்டன். கோல் காப்பவனும் அவனே. அந்த அணியில் எங்களைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள், கம்போங் செட்டிப் பிள்ளைகளும் இருந்தார்கள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்ப் பெண்களைக் கட்டிக் குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வம்சம் அந்தச் செட்டிகள். செட்டிப் பிள்ளைகள் நம்மைப் போலவே விபூதி பூசுவார்கள், நம்மைப் போலவே காவடி எடுப்பார்கள், வாயைத் திறந்தால் மட்டும் மலாய்தான். பந்தைக் கேட்பதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி கத்துவார்கள்.

சுற்றுவட்டாரத் தெருக் குழுக்கள் மோதிக்கொள்ளும் அந்தப் போட்டிக்குக் கோப்பை கொடுத்தவர் ஒரு செட்டிப் பெண்மணி. நாங்கள் பிபிக் என்று கூப்பிடுவோம். வயதில் மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அவருடைய ஒரே மகன் ராஜு, என் அண்ணனுக்கு முன்னால் கேப்டனாக இருந்தவன். காய்ச்சலில் போய்விட்டான். அவன் பெயர் பொறித்து அந்தக் கோப்பையைச் செய்யச் சொன்னார் பிபிக். ஜெயித்த குழு அதைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொங்கலுக்கு முந்தின நாள் அது பிபிக் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும்.

காரணம் இருந்தது. அன்று செட்டிகள் வீட்டில் பார்ச்சு. இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் பரப்பி, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டுக் கும்பிட்டுவிட்டு, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று எல்லாரும் அந்த இடத்தைவிட்டுக் கொஞ்ச நேரம் விலகிப்போவார்கள். ராஜுவுக்குச் சிவப்பு சிரப் தண்ணீர் பிடிக்கும். ஆட்டம் முடிந்ததும் ஒரு குடம் கொடுத்தாலும் குடிப்பானாம். அதை அவன் பெயர் போட்ட கோப்பையில் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைப்பார் பிபிக். அதற்காகத்தான் அந்தக் கோப்பை.

அந்த வருஷம் எங்கள் பையன்கள் செமாபோக் குழுவை ஜெயித்தார்கள். மழைச் சேற்றில் யார் யாரென்றே தெரியவில்லை. கடைசியில் கோப்பையோடு லாரியில் ஏறினார்கள். நான் லாரியைப் பார்த்தது எங்கள் சந்து முனையில், பிள்ளையார் கோயில் வாசலில். கோப்பையைக் கரண்டியால் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவன் அதைத் தலையில் கவிழ்த்து ராஜா மாதிரி நின்றான். அது கீழே விழுந்துவிடுமோ என்று எனக்கு அப்போதே பயம். இந்தப் பயம் பிள்ளை பெற்ற பிறகு வந்ததில்லை என்பதைச் சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

தடுப்பாட்டக்காரன் சொக்கலிங்கம், எங்களுக்குச் சொக்கு, ஜெயித்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டியிருந்தான். லாரியின் மேல் நின்றபடி ஒரு கையில் தேங்காயை வைத்துக்கொண்டு கத்தினான்.

"டேய், தேங்கா உடைக்கிற கல்லு எங்கடா?"

"லாரிக்கு அடியிலடா!" என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள். டிரைவர் கல்லின் மேலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"லாரிய பின்னால எடுக்கச் சொல்லு லா!"

"எடுக்க முடியாது, பின்னாலயும் ஆளுங்க!"

வேண்டுதலைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொக்குவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. இன்னொரு கையிலிருந்த கோப்பையை லாரிப் பலகையில் தலைகீழாகக் கவிழ்த்தான். அதன் அடிப்பாதத்தின் விளிம்பில் ஓங்கி ஒரே போடு. தேங்காய் சரிபாதியாக, கோணலே இல்லாமல் பிளந்தது. கூட்டம் விசிலடித்தது. இவ்வளவு நல்ல சகுனத்தைப் பார்த்ததில்லை என்று பெரியவர்களே சொன்னார்கள். கோப்பையை யாரும் நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை.

ஜெயித்த கோப்பையில் சிரப் ஊற்றித் தெருவே ஒரு வாய் குடிப்பது வழக்கம். எங்கள் வீட்டு வாசலில் வைத்து ஊற்றினார்கள். அண்ணன் தூக்கிப் பிடித்தான். அவன் முழங்கையிலிருந்து சிவப்பாகச் சொட்டியது. ரத்தம் என்று நினைத்து நான் அலறிவிட்டேன். பார்த்தால், கிண்ணமும் காலும் சேருகிற இடத்தில் பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது. ஊற்றியதெல்லாம் ஒழுகியது.

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொக்குவைப் பார்த்தாள். "ஏன்டா, அதுல போயா உடைப்ப? உன் மண்டையில உடைச்சிருக்கலாமே!"

"மண்டையில உடைச்சா சரிபாதியா வராதும்மா" என்றான் சொக்கு, மிகவும் மரியாதையாக.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. திடலில் எல்லார் முன்னாலும் பிபிக்கின் கையிலிருந்து கோப்பையை வாங்கியவன் அவன். "பத்திரமா கொண்டாந்து தர்றேன் பிபிக்" என்று சொன்னவனும் அவன்தான். ராஜுவோடு ஒன்றாக ஆடியவன். பார்ச்சு அன்றைக்கு அந்தத் தாய் சிரப் ஊற்றி, அது இலையெல்லாம் ஒழுகினால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவன் கவலை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பண்டார் ஹிலிரில் கோப்பையைச் செய்து கொடுத்த சீனர் கடைக்கே கொண்டுபோகலாம் என்றாள் அம்மா. அங்கே போனால் மறுநாளே பிபிக்குக்குத் தெரிந்துவிடும் என்றான் அண்ணன். தெரியட்டுமே என்றாள் அம்மா. அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோனது. சொக்கு தன் பங்குக்கு வழி சொன்னான். முதலில் துணி சோப்பை அமுக்கி அடைத்தான். தண்ணீர் ஊற்றியதும் நுரை பொங்கியது. பிறகு ஆயர் குரோ பக்கம் ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற அவனுடைய மாமாவிடமிருந்து ஒரு தகரக் குவளையில் ரப்பர் பால் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தான். கோப்பைக்குள் ஊற்றிச் சுழற்றி வெயிலில் வைத்தார்கள். காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. மறுபடி ஊற்றினார்கள். தண்ணீர் நின்றது! ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. சொக்கு சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நெடி போகப் போகக் குறைந்துவிடும் என்றான். போகப் போக அது வளர்ந்தது.

பார்ச்சு அன்றைக்குக் கோப்பையைப் பழைய புடவைத் துணியில் சுற்றிக்கொண்டு அம்மாவும் நானும்தான் போனோம். அண்ணனும் சொக்குவும் பின்னாலேயே வந்து பிபிக் வீட்டு வேலியோரம் நின்றுகொண்டார்கள். அம்மாவுக்குத் தெரிந்த மலாய் பசாரில் மீன் விலை கேட்கிற அளவுதான். அதனால் நான்.

"உள்ளத அப்படியே சொல்லிடு பாப்பா" என்றாள் அம்மா. "மலாயில பொய் சொல்ற அளவுக்கு நீ இன்னும் படிக்கல."

பள்ளிக்கூடத்தில் செட்டிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மலாய் பழகியவள்தான் நான். ஆனால் தேங்காய், லாரி, கல் இதையெல்லாம் எந்த வரிசையில் சொல்வது? வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன்.

"மாசோக், மாசோக்" என்று பிபிக் உள்ளே கூப்பிட்டார். வெள்ளைக் கெபாயாச் சட்டை, ஈரத் தலை. இலைகளெல்லாம் போட்டாகிவிட்டது. மீன், கோழி, பலகாரங்கள். ராஜுவின் இலைக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. நான் "பிபிக், இந்தக் கோப்பை..." என்று தொடங்குவதற்குள் அவர் அதை வாங்கி அந்த இடத்தில் வைத்துவிட்டார். சிரப் ஏற்கனவே கலக்கித் தயாராக இருந்தது. ஊற்றினார்.

ஒழுகவில்லை. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் பிபிக் குனிந்து முகர்ந்தார்.

"பாவு கெத்தா" என்றார். ரப்பர் நாற்றம் என்று அர்த்தம். அதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வழியெல்லாம் அமைத்து வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நான் வேலிப் பக்கம் கையைக் காட்டி, "கெலாப்பா" என்று மட்டும் சொன்னேன். தேங்காய். பிபிக் வெளியே பார்த்தார். சொக்கு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முழுதும் புரிந்துவிட்டது அவருக்கு. தெருவுக்கே தெரிந்த கதை அவருக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்?

கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. கோப்பையைக் கொல்லைக்கு எடுத்துப் போய்ச் சிரப்பைக் கொட்டினார். கழுவித் துடைத்து மறுபடி முகர்ந்து பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி கிளாஸை எடுத்துக் கோப்பைக்குள் வைத்தார். அளவாகப் பொருந்தி நின்றது. கிளாஸில் புதிதாகச் சிரப் ஊற்றினார். "இந்த நாத்தத்துல என் பிள்ளை குடிக்கமாட்டான்" என்று மலாயில் சொன்னார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

கும்பிட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்தோம். அந்தக் கொஞ்ச நேரம் பிபிக் வேலியோரம் போய் நின்றார். "நீதானா கெலாப்பா?" என்று சொக்குவைக் கேட்டார். அவன் தலையசைத்தான். "இருந்து சாப்பிட்டுட்டுப் போ." அண்ணனைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அன்றிலிருந்து சொக்குவுக்கு ஊரில் கெலாப்பா என்றே பெயர்.

அடுத்த வருஷம் போட்டிக்குக் கோப்பை கேட்டுப் பையன்கள் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். பிபிக் கொடுக்கவில்லை.

"என் பிள்ளை வருஷத்துல ஒரு நாள்தான் வர்றான். அன்னைக்கு கோப்பை எங்க, என்ன ஆச்சுன்னு நான் பயந்துகிட்டு இருக்க முடியாது" என்றார். கேக் கொடுத்து அனுப்பினார்.

கோப்பை இல்லாமலே ஆடினார்கள், மறுபடி ஜெயித்தார்கள். தூக்க ஒன்றும் இல்லையே என்று அண்ணனைத் தூக்கினார்கள். கோப்பையில் தேங்காய் உடைத்த கைகள் அண்ணனைக் கீழே போட்டன. மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதற்குப் பிறகு போட்டி மெல்ல மெல்ல நின்றுபோனது. பிபிக்கின் பிடிவாதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று எனக்கு ரொம்ப நாள் அவர்மேல் வருத்தம். போன வாரம் எதிர்வீட்டுப் பிள்ளை என் மகனுடைய கிலுகிலுப்பையைக் கேட்டு அழுதபோது கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அப்போது அந்த வருத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். போனபோது அது வெளிநாடு என்று தோன்றவில்லை. இப்போது உண்மையிலேயே வெளிநாடு. சொக்கு எங்கேயோ லாரி ஓட்டுவதாகக் கேள்வி. எந்தக் கல்லின் மேல் நிறுத்துகிறானோ. திடலில் வரிசை வீடுகள் எழும்பிவிட்டன. பிபிக் மகள் வீட்டோடு சிரம்பானுக்குப் போய், அங்கேயே காலமாகிவிட்டதாக அம்மா சொன்னாள். கோப்பை யாரிடம் இருக்கிறதென்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

இந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் அம்மா வீட்டுக்குப் போகும்போது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிபிக் வீடு இருக்கிற சந்து வழியாக நடந்தேன். மற்ற செட்டி வீடுகளிலிருந்து சாம்பிராணிப் புகை வந்துகொண்டிருந்தது. பிபிக் வீட்டில் மட்டும் பூட்டுத் தொங்கியது. புகையில் குழந்தை இருமுவானோ என்று வேகமாக நடந்தேன். சந்து முனை திரும்பியதும் நின்றுவிட்டேன். சிரப் குடிக்க வருகிற ராஜுவுக்குச் சிரம்பானுக்கு வழி தெரியுமா என்று கேட்க அங்கே யாருமே இல்லை.