கேப்டன் அக்காவின் கண்கள்

தாடையைக் கருவியின் மேல் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு, திரையில் வட்டமாகச் சுற்றிவரும் வெள்ளைப் புள்ளியைக் கேப்டன் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். முதலுதவி அறையின் வாசலில் நான் நின்றிருந்தேன். அவள் கண் அந்தப் புள்ளியைத் தவறவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனா, விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேனா என்பது இன்றுவரை எனக்கே தெரியாது.

ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருவரும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தோம். நான் கல்லாவியிலிருந்து வந்தவள், அவள் நாட்றாம்பாளையத்துக்காரி. ஹாஸ்டலில் எங்களுக்கு அடுத்தடுத்த கட்டில். கம்பெனியின் பெண்கள் கபடி அணிக்கு அவள்தான் கேப்டன். அவள் ரெய்டு போனால் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எல்லா மொழியிலும் கத்துவார்கள். நான் போனால் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள். கேன்டீனில் அவள் தட்டில் கூடுதலாக விழும் ஒரு முட்டைக்குக்கூட எனக்கு வயிறு எரியும். சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

அவளை ஒருநாள் முந்த வேண்டும் என்பதற்காகவே அவளைக் கவனித்தேன். எதிரணிக்குள் நுழைந்ததும் இடது மூலையைப் பார்ப்பாள், எல்லோரும் அந்தப் பக்கம் சாய்வார்கள், வலது பக்கம் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். அவள் ஆட்டம் காலில் இல்லை, கண்ணில் இருந்தது. இதை அவளிடம் ஒருபோதும் சொன்னதில்லை. பாராட்டாகிவிடும் அல்லவா?

அந்த ஆண்டு பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். விளையாடும்போது தலையில் அடிபட்டவர்களைக் கண்ணின் அசைவை வைத்துக் கண்டறியும் கருவியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை குலுங்கும்போது வெளியே காயம் தெரியாமலே மூளை அதிர்ந்துபோகலாம், அப்போது புள்ளியைத் தொடரும் கண் பின்தங்கும், தாவித் தாவிப் பிடிக்கும் என்று எங்களுக்கு விளக்கினார். போட்டிகள் தொடங்கும் முன்பே எல்லோரின் பார்வையையும் பதிவு செய்துகொண்டார். அதிலும் அவளைத்தான், "கண்ணு நூல் பிடிச்ச மாதிரி போகுதும்மா" என்று பாராட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அரையிறுதியில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் மோதியது. விழுந்தவள் உடனே எழுந்து சிரித்தாள். கூட்டம் கைதட்டியது. அடுத்த ரெய்டில் எளிதாகப் பிடிபட்டாள். களைப்பு என்றார்கள் மற்றவர்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. கால் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண் போய்ச் சேர்ந்தது.

நாங்கள் வென்றுவிட்டோம். மறுநாள் இறுதிப் போட்டி. அதில் நன்றாக ஆடும் ஒருத்தியை நிரந்தர வேலைக்கு எடுக்கப்போவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. அது யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவள் விலகினால் அடுத்த ரெய்டர் நான் என்பதிலும் இல்லை. அதனால்தான் முதலுதவி அறையில் இருந்த டாக்டரிடம் போகும்போது பாதி வழியில் நின்று, பிறகு போனேன்.

"சார், அக்கா கண்ணு சரியில்ல. ஒரு தடவ பாருங்க" என்றேன்.

"ஐயோ, வுடுங்க சார், ஒண்ணும் ஆகல. லேசா தலவலி, அவ்ளோதான்" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த வேலை ஒனக்கு வேணும்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாமே பாப்பா" என்றாள். பின்னால் நின்ற பெண்களும் அதையே நினைத்தது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

டாக்டர் அவளைக் கருவியின் முன் உட்காரவைத்தார், பிறகு இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். பழையது சீரான வட்டம். புதியதில் கோடு நெளிந்தும் அறுந்தும் கிடந்தது. தலைவலி, வெளிச்சத்தில் கூச்சம், ஞாபகம் என்று நிறையக் கேட்டார். "இத மட்டும் வெச்சு நான் சொல்லலம்மா. எல்லாமே ஒரே விஷயத்தத்தான் சொல்லுது. ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா உசுருக்கே ஆபத்து. நாளைக்கு நீ ஆடக் கூடாது." அவள் அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இறுதிப் போட்டியில் நான் ஆடினேன், வென்றோம், வேலையும் எனக்குக் கிடைத்தது. கடைசிப் புள்ளி எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது கூட்டத்தில் பாதிப் பேர் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வுக்காக ஊருக்குப் போனாள். பல வாரங்கள் தலைவலி விடவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தக் காலி கட்டிலைப் பார்க்கவே பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். குணமாகி வந்து, டாக்டர் சரி என்ற பிறகு, பயிற்சியில் அவளுடைய முதல் ரெய்டு என்மேல்தான். இடது மூலையைப் பார்த்தாள். தெரிந்திருந்தும் சாய்ந்தேன். என் தோளைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினாள். வெளியே போய் உட்கார்ந்தபோது, நிம்மதியில் அழுதேனா, எரிச்சலிலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த தேர்வில் அவளுக்கும் வேலை நிரந்தரமானது. அந்த அறையில் நடந்ததைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

இப்போது அவள்தான் அணிக்குப் பயிற்சியாளர். என் தங்கை அவளிடம் ஆடுகிறாள். வீட்டுக்கு வந்தால், "அக்கா அப்படிச் சொன்னாங்க, அக்கா இப்படிச் சொன்னாங்க" என்றுதான் பேச்சு. அந்த அக்கா நான் இல்லை. போன வாரம் ஆட்டத்தில் தங்கையின் தலை களத்து விரிப்பில் இடித்தது. எழுந்து, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். அதற்குள் கேப்டன் அக்கா ஆட்டத்தை நிறுத்தி, அவள் திமிறத் திமிறக் கையைப் பிடித்துப் பரிசோதனைக்கு இழுத்துப்போய்க்கொண்டிருந்தாள். அங்கும் என்னை முந்திக்கொண்டாள்.