மொச்சைக்கு வேண்டிய இருட்டு

மட்டாஞ்சேரியில் பொழுது கொஞ்சம் தாமதமாகத்தான் சாய்கிறது. உசிலம்பட்டியிலிருந்து அம்மா போனில் “விளக்கேத்திட்டியாடி?” என்று கேட்கும்போது, இங்கே மாடியில் துணி மடிக்கும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். விடிவதும் அதே அளவு தாமதம்தான். ஆக, இரவின் நீளம் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒன்று. வேளாண்மை படித்த திமிரில் இதை நம்பித்தான் அம்மாவின் மொச்சை விதையை இங்கே தொட்டியில் ஊன்றினேன்.

அது பழைய கொடிமொச்சை. இரவு நீண்டால்தான் பூக்கும். அதுவரை என்ன உரம் போட்டாலும் இலைதான். கோடைப் பகல் நீண்ட வடநாடுகளுக்குப் போன பயிர்களில், மரபணு மாறி, இருட்டுக்குக் காத்திராமல் பூத்தவைதான் பிழைத்தன. எந்த மாதமும் பூக்கும் குத்துமொச்சையும் அப்படிக் காத்திருப்பதை மறந்த ரகம்தான். அம்மா உட்பட ஊரே அதற்கு மாறிவிட்டது. பழைய விதையில் மிஞ்சியதெல்லாம் என்னிடம். ஊன்றியதில் எலிக்குத் தப்பியது ஒரே கொடி. அது காய்க்காவிட்டால் அதோடு முடிந்தது.

மார்கழி பிறந்தும் மொட்டில்லை. “இதெந்தா மோளே, ஆட்டுக்கு வளர்த்துறதா?” என்று வீட்டுக்கார ரோஸி சேச்சி தினமும் சீண்டுவார். அப்புறம்தான் உறைத்தது. சேச்சியின் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தெருவிலேயே முதலில் ஏறிவிடும். தீபாவளி முடிந்த கையோடு என் பந்தல் கம்பிலேயே கட்டியிருந்தார். விடிய விடிய எரிகிறது.

“சேச்சி, ராத்திரி மட்டும் இந்த ஸ்டாரை அணைச்சுடலாமா?”

அவர் முகம் சுண்டியது. “எந்தே, எங்க ஸ்டார் உனக்குப் பிடிக்கலையா?”

“ஐயோ, அதில்ல. செடிக்கு இருட்டு வேணும்.”

“ஓ, மகாராணிக்கு ஒறக்கம் வரலையோ!” சிரித்தார்; ஆனால் அசையவில்லை. “உண்ணியேசு பிறக்க வர்ற வழியை இருட்டாக்க ஒக்கில்ல மோளே.”

நான் வேலை பார்க்கும் மிளகுக் கிடங்கிலிருந்து பழைய சாக்குகளைக் கொண்டுவந்து, நட்சத்திரத்துக்கும் கொடிக்கும் நடுவே திரையாகக் கட்டினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது சேச்சிதான். பந்தலில் பாதிக்குத்தான் சாக்கு எட்டியது.

அந்தப் பாதி பூத்து, இப்போது காய் பிடித்திருக்கிறது. வீடியோவில் காட்டினேன்.

“விதைக்குக் காணும். முத்தவிட்டு எடுத்துட்டு வாடி” என்றாள் அம்மா.

“கொறச்சு விதை இங்கயும் வேணும்” என்றார் பின்னால் நின்ற சேச்சி.

இருவருக்கும் சரி என்றேன். வெளிச்சம் பட்ட பாதியோ ஒரு பூவும் இல்லாமல், பச்சைப்பசேலென்று அடுத்த வீட்டுச் சுவரில் ஏறிக்கொண்டிருக்கிறது. வேர் என்னவோ ஒன்றுதான்.