எப்பவும் போல நடங்க

“மூச்சை விடுங்க சார். தொப்பையை உள்ள இழுத்தா பெல்ட் ஏமாறாது, உங்களுக்குத்தான் வலிக்கும்.”

சொல்லிக்கொண்டே என் இடுப்பில் பட்டையைச் சுற்றி, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை முதுகுப் பக்கம் பொருத்துகிறார். அடுத்து இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு வார். அன்றாட நடைக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு என்று மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடக்கிறது. அதில் இவர் டெக்னீஷியன். ஆய்வில் சேர்ந்த எங்களுக்கெல்லாம் ‘பெல்ட் அக்கா’. என்னைவிட இளையவர்தான், ஆனாலும் அக்கா. அதட்டல் அப்படி!

ஒரு வாரம் இதைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். கட்டியதும் ராணுவ வீரன் மாதிரி விறைப்பாக நடந்து காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ சார், இது பரீட்சை இல்ல, மார்க்கும் கிடையாது. வீட்டுல எப்படி சோம்பேறியா நடப்பீங்களோ, அப்படியே நடங்க.”

என் சோம்பேறித்தனத்தை மதித்துக் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

அளக்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் இயல்பாக நடப்பதில்லை. அக்காவின் தலைவலியே அதுதான். “முதல் ரெண்டு நாள் எல்லாரும் மாப்பிள்ளை நடை நடப்பாங்க. அப்புறம் பெல்ட்டை மறந்துடுவாங்க, நிஜ நடை வெளிய வரும். ஒருத்தர் கழட்டி நாய்க்குக் கட்டிட்டாரு சார். கிராஃபைப் பார்த்தா மனுஷன் கம்பத்துக்குக் கம்பம் நிக்கிறாரு!” சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

தெருவில் போகும்போதும் இவர் கண் முகத்தைப் பார்க்காது, முன்னால் போகிறவர் கால்களைத்தான் பார்க்கும். அந்தப் பாழாய்ப்போன கண் ஒருநாள் கணவர் மேலேயே விழுந்துவிட்டது. பள்ளி வேன் ஓட்டுகிறவர். நடக்கும்போது வலது கை வீசுகிறது, இடது கை சும்மா தொங்குகிறது. நரம்புக் கோளாறு இப்படியும் தொடங்கலாம் என்று அக்காவுக்குத் தெரியும். மனிதர் டாக்டரிடம் வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

“வண்டியை விடச் சொல்லிட்டா, அப்புறம் நான் யாரு?”

“வண்டி கிடக்கட்டும். எனக்கு ஆள் வேணும்.”

வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் பள்ளிக்கு லீவு விட்ட ஒரு வாரம் பெல்ட் கட்டிக்கொள்ள மட்டும் ஒத்துக்கொண்டார்.

நான் என் பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அக்கா கணவருடைய பெல்ட்டின் பதிவும் கணினியில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டார்.

“நீ பாரும்மா. நான் பார்த்தா எனக்கு வேணுங்கிறதைத்தான் பார்ப்பேன்.”

எத்தனை பேருக்கு இந்த நேர்மை வரும்?

அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். “அக்கா, வாரம் பூரா இடது கை அப்படியேதான் இருக்கு. ஆனா நடை வேகம் குறையல. என்னன்னு டாக்டர்தான் சொல்லணும். இன்னிக்கே காட்டிடுங்க.”

அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். கணவர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய இடது கையைப் பிடித்து எழுப்பி, அதைத் தன் கையோடு சேர்த்து முன்னும் பின்னும் நன்றாக வீசிக்கொண்டே, டாக்டர் அறையைப் பார்த்து நடந்தார் அக்கா.