மடுவுக்கு இழுத்துப் போன பெட்டி

மடுத் திருவிழாவுக்குப் போனால் எங்கள் வீட்டார் மண்டபத்தில் தங்குவதில்லை. மரத்தின் கீழ் தறப்பாளால் கூடாரம் அடித்து, கல் வைத்துச் சமைத்து, திருநாள் முடியும்வரை கோயிலைச் சுற்றிய காட்டிலேயே கிடப்போம். குருநகரில் பல வீடுகளில் அப்படித்தான். அதனால் ஆடி பிறந்ததும் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுவதில்லை. அந்த வருடம் எழுந்தது. எழுப்பியவர் என் மனுசன்.

"நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

படகு என்ஜினைத் தூக்கும்போது அவருடைய வலது தோள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. சத்திரசிகிச்சை செய்தும் அந்தக் கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. கடலுக்குப் போவது நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் எங்கள் பழைய டொல்பின் வானை நான் ஓட்டத் தொடங்கினேன். அவர் வீட்டில் இருந்தார். இருப்பது என்றால் என்னவென்று தெரியாத மனுசன் அவர்.

சில நாள் கழித்து, முன்பு வலையும் என்ஜினும் ஏற்றித் திரிந்த பழைய ட்ரெயிலரை வளவின் மூலையிலிருந்து இழுத்து வந்து, கழுவி, டயர் மாற்றி முற்றத்தில் நிறுத்தினார்.

"வானுக்கு மேலை ஒண்டும் ஏத்த வேண்டாம். இந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவம். அப்பிடியெண்டா வாறன்."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வானின் மேல் நல்ல இரும்புக் கரியர் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் தறப்பாள், பானை, அரிசி மூட்டை, பாய் எல்லாம் அதில்தான் போய் வந்தன. பெட்டியை இழுத்தால் பிரேக் பிடிக்கும்போது பின்னாலிருந்து தள்ளும். ஒழுங்கைகளில் திரும்ப இடம் போதாது. எல்லாவற்றையும் விட, பெட்டியோடு வானைப் பின்னுக்கு எடுக்க எனக்குத் தெரியாது. மடுவில் மரங்களுக்கு நடுவே பின்னுக்கு எடுத்துத்தான் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொன்னேன். என் தம்பியும் என் பக்கம் நின்றான்.

"அத்தான், மேலை ஏத்திக் கட்டுறதை நான் பாக்கிறன். நீங்கள் சும்மா இருங்கோ."

அவர் எழும்பினார்.

"மேலை ஏத்தினா நான் என்ன செய்யிறது? போன முறை மாதிரி கதிரையிலை இருந்து உங்களை வேடிக்கை பாக்கிறதோ? பெட்டி எண்டா இடுப்பளவு உயரம். என்ரை கையாலை ஏத்துவன், என்ரை கையாலை இறக்குவன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே. வாயிலை என்ன கொழுக்கட்டையோ?"

தான் ஓட்டுவதாகத் தம்பி சொன்னான். வேண்டாம் என்றேன். வான் என்னுடையது, மனுசன் என்னுடைய மனுசன். நானே ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூட ஓட்டம் முடிந்ததும் கடற்கரையோரத்து வெறும் காணியில் பழகினோம். முதல் நாள் நான் ஒரு பக்கம் போக, பெட்டி மறுபக்கம் போய், மடங்கி வந்து வானின் பின்கதவை இடித்தது. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று மறுபடி எடுத்தேன். மறுபடியும் இடித்தது.

"வலம்! வலம்!" என்று பின்னால் நின்று அவர் கத்துவார்.

"எந்த வலம்? உங்கடை வலமோ, என்ரை வலமோ, பெட்டின்ரை வலமோ?" என்று நான் கத்துவேன். அவர் பெட்டி போக வேண்டிய பக்கத்தைச் சொல்கிறார். நான் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்ப, பெட்டி எதிர்ப்பக்கம் போகிறது. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு வலம் கிடைக்கவேயில்லை. ஒருநாள் சண்டை முற்றி, பழகுவதைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் அவர் கடலில் கத்துவது போலக் கத்தினார்: "வாடைப் பக்கம் விடு!"

எனக்குப் பிடிபட்டுவிட்டது. வாடைக்காற்று வரும் பக்கம் வடக்கு, சோழகம் தெற்கு, கொண்டல் கிழக்கு, கச்சான் மேற்கு. நானும் கடற்றொழிலாளி மகள்தான். நாம் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் வாடை இடம் மாறாது. ஸ்டியரிங்கின் அடியில் கையை வைத்து, பெட்டி போக வேண்டிய பக்கம் கையை நகர்த்தினேன். முரண்டு பிடித்துக்கொண்டிருந்த பெட்டி நேராகப் போய் நின்றது. சிரித்த ஆட்களின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடி செய்து காட்டினேன்.

தம்பியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மடுவுக்குப் புறப்பட்டோம். சங்குப்பிட்டிப் பாலத்தில் சோழகக் காற்று பேயாய் அடித்தது. எங்களுக்கு முன்னால் போன வான் ஒன்று தலைக்கு மேல் மலையாய் ஏற்றிய சாமானோடு ஆடி ஆடிப் போனது. எங்கள் பெட்டி அசையாமல் பின்னால் வந்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியோ?" என்று அவர் சொல்லாமல் விட்டதே பெரிய காரியம்.

மடுவில் இரண்டு பாலை மரங்களுக்கு இடையில் ஓர் இடம் கிடைத்தது. இடைவெளி மட்டுமட்டு. பக்கத்துக் கூடாரத்துப் பெடியங்கள் ஓடி வந்தார்கள்.

"அக்கா, இறங்குங்கோ. நாங்கள் எடுத்து விடுறம்."

"வேண்டாம் தம்பியவை, தள்ளி நில்லுங்கோ."

அவர் பின்னால் போய், வெயிலை ஒருமுறை பார்த்துத் திசை பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார். "கொண்டல்! இன்னும் கொண்டல்! கொஞ்சம் சோழகம்... விடு, விடு!" கடல் இல்லாத காட்டில் இந்த மனுசன் எந்தக் காற்றைக் கூப்பிடுகிறார் என்று பெடியங்கள் ஆளையாள் பார்த்தார்கள். முதல் தடவை கோணிவிட்டது. முன்னுக்கு எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் விட்டேன். பெட்டி மரங்களுக்கு நடுவே போய் அடங்கியது.

அவர் பெட்டியின் கதவைத் திறந்தார். பானையைத் தூக்கப்போன தம்பியிடம், "கையை எடடா" என்றார். அரிசி, பாய், தண்ணீர்க் கான், அடுப்புக்கல் என்று ஒவ்வொன்றாய் இடது கையாலும் நெஞ்சாலும் அணைத்து இறக்கினார். தறப்பாளை மேலே பிடிக்கும் வேலையை மட்டும் தம்பிக்குக் கொடுத்து, முளை அடித்து, கயிறுகளைத் தானே இழுத்துக் கட்டினார். வியர்வையில் சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. போய்ப் பிடிக்க எழும்பி, திரும்ப இருந்தேன். வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

சோறு வடித்து இறக்கியபோது அவரைக் காணவில்லை. கூடாரத்துக்குள் வெறும் பாயில், வாய் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பாவைச் சாப்பிட எழுப்பட்டோ?" என்று மகள் கேட்டாள்.

"எழுப்பாதை. வேலை செய்து களைச்சுப் படுத்திருக்கிறார்."

பக்கத்துக் கூடாரங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.